பட்டியலில் இல்லாத வரி

“இன்னும் உள்ளே கையை விடு” என்றார் தெய்வசிகாமணி. மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு, சிபியுவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே தோள்வரை கையை நுழைத்திருந்த சொர்ணவல்லி, “விட்டுத்தாங்க இருக்கேன்” என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் அவர் சொன்னது, வாயில் துணியைத் திணித்துக்கொண்ட ஒருவர் கொட்டாவி விட்டதுபோல இருந்திருக்கும். பக்கவாதம் வந்த இந்த ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து வருவது அவள் காதுக்குள் போய்த்தான் வார்த்தையாகிறது. டாக்டர், சிலிண்டர் போடுகிறவர், அவருடைய சொந்தத் தம்பி, எல்லோரும் அவர் பேசி முடித்ததும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “கடைசியா, நெட்டுக்குன்னு ஒரு சின்னக் கறுப்புச் சாமான் சொருகியிருக்கும், நகம் மாதிரி. அது இருக்கா?” அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயின. தடித்த கரண்டு வயர். திருகு வைத்த நீல வயர். கீபோர்டு வயர், மவுஸ் வயர். அப்புறம் ஒரு ஓட்டை. நேற்றுக் காலை பெருக்கும்போது அதிலிருந்ததைப் பிடுங்கியது இதே விரல்கள்தான். இப்போது அது இரண்டு அறை தள்ளி, சமையலறையில் பெருங்காய டப்பாவுக்குள் கட்டிகளோடு ஒரு கட்டியாகக் கிடந்தது. காலியான இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல விரல் மறுபடியும் அங்கேயே போனது. “இருக்குங்க. கெட்டியா இருக்கு.”

அவர் நம்பினார். அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதில் அவருக்கு நாற்பத்தோரு வருஷ நம்பிக்கை. நல்லவள் என்பதால் அல்ல. “பொய் சொல்றதுக்கும் மேல் மாடியில கொஞ்சம் சரக்கு வேணும்” என்று கல்யாணமான புதிதில் தன் அக்காவிடம் அவர் சொன்னதைத் தண்ணீர்க் குடத்தோடு நின்று அவளே கேட்டிருக்கிறாள். அப்போது அது ஒரு பாராட்டுபோலக்கூட இருந்தது. அவள் மேஜைக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து, அவருடைய சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். நாற்காலி ஒரு சாண் பின்னால் போனது. “மெதுவா” என்றார். பிறகு, வழக்கமில்லாமல், “முட்டி வலிக்குதா?” என்றார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இன்று காலையிலிருந்தே இப்படித்தான். சவரம் செய்துவிடச் சொன்னார். கன்னத்தில் கத்தி கீறியபோதும் திட்டவில்லை. பீரோவிலிருந்து அந்த வெளிர்நீலச் சட்டையை எடுக்கச் சொன்னார். சுகந்தி காலேஜில் சேர்ந்த வருஷம் தீபாவளிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சட்டை. உணர்வில்லாத வலது கையை அதற்குள் நுழைப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. மகள் பதினொரு மணிக்குத் திரையில் வருவாள், அப்போது இந்தச் சட்டையை அடையாளம் தெரியும் என்று நினைக்கிறார். சட்டையைத் தெரியும். அதற்குள்ளிருக்கிறவரைத் தெரியாது. ஒரு பக்கம் மெழுகு உருகி இறங்கினதுபோல இருக்கிற முகத்தை அவள் பார்த்ததில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். அழுதால் எல்லாம் போயிற்று.

சுவர்க் கடிகாரத்தில் பத்து பதினாறு. அது ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும். அவள் சமையல் நேரத்துக்கு முடியவேண்டும் என்று அவரே அப்படி வைத்தது. சர்வே இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் ஊரான் நிலத்தை அளந்தவர், வீட்டுக்கு வந்தும் அளப்பதை நிறுத்தவில்லை. எண்ணெய் பாட்டில் காகிதத்தின்மேல் பென்சிலால் கோடு போடுவார், பக்கத்தில் தேதி. காபிப்பொடி டப்பாவுக்குள் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தையும் இருக்காது, விசாரணை மட்டும் இருக்கும். இப்போது இடது கையால் மவுஸை நகர்த்தி கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிற சாமான்களின் பட்டியலை மறுபடியும் திறந்தார். டிவைஸ் மேனேஜர். அந்தப் பெயரை இன்று காலையிலிருந்து பத்து தடவை சொல்லிவிட்டார். “படி. ஒவ்வொரு வரியா. எனக்கு எழுத்து ஓடுது.” அவள் அவருக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டுகிறவள்போலப் படித்தாள். உண்மையில் பார்த்தவுடனே படிக்க வந்தது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் மறந்துபோகவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்ற நிமிஷங்களைச் சேர்த்தால் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பே முடித்திருப்பாள். வாங்கின புதிதில் அது என்ன, இது என்ன என்று கேட்டதற்கு, “இது கிரைண்டர் இல்ல. உனக்கு அடுப்புல ரெண்டு பர்னர் போதும்” என்று கீபோர்டின்மேல் துண்டை விரித்து மூடினார். “கீ... போர்ட்ஸ்” என்றாள். “மைஸ். மானிட்டர்ஸ். அப்புறம் போர்ட்ஸ்.” “நடுவுல?” “ஒண்ணும் இல்லீங்க.” “மானிட்டருக்கு அடுத்து நெட்வொர்க் அடாப்டர்னு ஒரு வரி இருக்கணும். அந்தத் தலைப்பே இல்லையா?” “இல்லீங்க.”

தலைப்பே இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒருத்தி இருந்த சுவடே இல்லாமல். ரேஷன் கார்டு அப்படி இல்லை. அதில் சிவப்பு மையால் அடித்த கோடு தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகந்தி எட்வினோடு வீட்டை விட்டுப் போன பதினாறாம் நாள், அவரே தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பெயர் நீக்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். முத்திரை வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கார்டைப் பிரித்துவைத்தார். “இப்ப கணக்கு சரியா இருக்கு. ரெண்டு பேர்.” அவள் ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கும். அந்த ராத்திரி சுகந்தி போன் செய்தாள், ஹாலில் இருக்கிற இதே போனுக்கு. அவர்தான் எடுத்தார். “உன் அப்பன் செத்துட்டான்னு நினைச்சுக்க. நான் உனக்கு அப்படித்தான் தலை முழுகியிருக்கேன்” என்றார். அப்போது அவர் குரல் மணி அடித்ததுபோல இருக்கும். அதற்கப்புறம் அந்த போன் அவளிடமிருந்து ஒரு தடவையும் அடித்ததில்லை. அடுத்த வீட்டில் மெஹருன்னிசாவிடம் சொர்ணவல்லி ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்காரர் கடை சாத்தியிருந்த நேரத்தில் மெஹர் சுவருக்கு மேல் எட்டி, “அக்கா, ரவிக்கை அளவு சரி பார்க்கணும், வாங்க” என்றாள். போனால் செல்போனை நீட்டினாள்; அதில் சுகந்தி. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மூன்று மணி. பன்னிரண்டு வருஷம். ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊரில் மழை, குளிர், ஐரீன் பிறந்தது, ஐரீன் நடந்தது, ஐரீன் ‘ஆச்சி’ என்றது. எந்தப் பென்சில் கோடும் படாத கால் மணி நேரம். “எனக்கு நீ மட்டும்தாம்மா” என்று சுகந்தி ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். சொல்லாத வாரம் சொர்ணவல்லிக்குச் சாப்பாடு இறங்காது.

“இருதயராஜுக்கு போன் போடு” என்றார். மணி பத்து முப்பத்தொன்று. ஹாலிலிருந்து போனை அதன் நீள வயரோடு இழுத்துக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார் என்று நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் ஜனக்கூட்டத்தின் சத்தம், யாரோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அடம்பிடிப்பது. “பூசை முடிஞ்சு இப்பதாம்மா வெளிய வர்றேன். என்ன, சார் கூப்பிடுறாரா? போன தடவ வந்தப்ப கழட்டின ஸ்க்ரூவ எண்ணிக் காமிச்சாத்தான் விடுவேன்னுட்டாரு. வாயே வராட்டியும் விரல நீட்டி எண்ணுறாரும்மா.” “நெட் வரலை தம்பி. அந்த லிஸ்ட்ல அடாப்டர்ங்கறதே இல்லையாம்.” “அவ்வளவுதானா. பின்னாடி குட்டியா ஒரு டாங்கிள் இருக்கும், கம்ப்யூட்டர பெட்ரூமுக்கு மாத்தினப்ப நான்தான் சொருகினேன். அது இருக்கா?” தெய்வசிகாமணி அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கு” என்றாள். “லைட் எரியுதா?” “எரியலை.” “புடுங்கி வேற ஓட்டையில சொருகிப் பாருங்க.” “பார்த்தாச்சு தம்பி.” “அப்ப ரெண்டே விஷயந்தாம்மா. லிஸ்ட்லயே காட்டலைன்னா ஒண்ணு அது செத்துருச்சு, இல்ல அது அங்க இல்ல. மூணாவது கிடையாது. கோயில் வாசல்லதான் நிக்கிறேன், வண்டி இருக்கு, வரட்டா? அஞ்சு நிமிஷம்.” அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள். “சரி தம்பி” என்றாள், “நாளைக்கே வாங்க.” “இல்லம்மா, இப்பவே வர்றேங்கறேன்.” “பரவாயில்ல தம்பி. நாளைக்கு வந்தாப் போதும்.” வைத்துவிட்டாள். “உள்ளுக்குள்ள ஏதோ சாமான் போயிருக்குமாம். இன்னிக்கு அவருக்கு வர முடியாதாம்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவருடைய இடது கை சட்டைப் பொத்தானைத் தேடிப்போய் அதைத் திருகியது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, கண்ணைப் பார்த்துக்கொண்டே. இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் எண்ணெய் பாட்டிலோடு மாரடித்திருக்கிறாள்.

ஆனால் இது முதல் பொய் இல்லையே. முதல் பொய் அலமாரித் தட்டில், விரித்த செய்தித்தாளுக்கு அடியில், மூன்று வருஷமாக இருக்கிறது. சுகந்திக்கு அவர் பதினோரு நாள் எழுதின கடிதம். இடது கையால், சிலேட்டில் குழந்தை எழுதுவதுபோல, இரண்டு பக்கம். ‘அப்பா செய்தது பிழை’ என்று தொடங்கும். விலாசம் எப்படியாவது விசாரித்துத் தபாலில் போடச் சொன்னார். விலாசம் அவளுக்கு மனப்பாடம். கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தபாலாபீஸ் வரைக்கும் போனாள். நிஜமாகவே போனாள், அதை யாரும் மறுக்க முடியாது. வரிசையில் முன்னால் நாலு பேர் நின்றார்கள். வெயில். நாலு பேர் மூன்றாகி, இரண்டாகி, ஒருவரானார்கள். அவள் முறை வந்ததும் கடிதத்தை எடுக்காமல் ஒரு இன்லண்ட் லெட்டர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஏன் என்று அன்று தெரியவில்லை. மறுவாரம் சுகந்தி, “அப்பா எப்பவாவது என்னப் பத்திப் பேசுறாராம்மா?” என்று கேட்டபோது, யாரோ பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்ததுபோல வந்தது: “உன் பேர எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார்டி.” பிறகு சுகந்தி அழுதாள். சொர்ணவல்லி அவளைத் தேற்றினாள். தேற்றத் தேற்ற, மடியில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது, குழந்தை தலைவைத்துப் படுத்தமாதிரி. சின்ன வயதில் சுகந்தி அவள் மடியில் படுத்ததே இல்லை. அவர் கூடத்தில் கிராமத்தின் சர்வே படத்தை விரித்துப் போட்டிருப்பார், ஏழு வயசுக் குழந்தை அதன்மேல் குப்புறப் படுத்து வாய்க்காலின் மேல் விரலை ஓட்டும். சர்வே சங்கிலியின் வளையங்களை அது எண்ண, அவர் சரிபார்ப்பார். ஒரு நாள் காபி கொண்டுவந்தவள் தெரியாமல் படத்தின் ஓரத்தை மிதித்துவிட்டாள். “அம்மா ஆத்துல நிக்குது” என்றது குழந்தை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்லப்பா?” என்றது. அவர் சிரித்தார். குழந்தை சிரித்தது. அவளும் சிரித்தாள், அவள்தான் அதிக நேரம் சிரித்தாள்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்” என்றார். திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள், அவர் உட்கார்ந்து, அவள் பின்னால் நின்று, ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் மாதிரியே. “சொர்ணம்” என்றார் அந்தக் கண்ணாடியைப் பார்த்து. “நான் எழுதின லெட்டர் அவளுக்குப் போய்ச் சேரலைன்னு தோணுது. மெயில்ல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இன்னிக்குக் கேட்டுடணும்.” அவள், “கேளுங்க” என்றாள். மெயில். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தபால் அவள் கை வழியாகப் போகவேண்டும், போன் அவள் வாய் வழியாகப் போகவேண்டும்; இந்தப் பெட்டி மட்டும் அவளைக் கேட்காமல் போகிறது, அவளைக் கேட்காமல் வருகிறது. பழைய சிநேகிதர் மகனிடம் எப்படியோ விலாசம் பிடித்து, நாலு நாள் ஒற்றை விரலால் தட்டி எட்டு வரி அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை பதில் வந்தபிறகுதான் அவளுக்குச் சொன்னார். சத்தம்போட்டு வாசிக்கச் சொன்னார். ‘ஞாயிறு காலை உங்க நேரம் பதினொண்ணுக்கு கம்ப்யூட்டரில் வருகிறேன். ஒரே ஒரு தடவை. நீங்கள் வரவில்லை என்றால் இதோடு விட்டுவிடுங்கள். மறுபடி என்னால் முடியாது.’ மூன்றாம் தடவை வாசித்தபோது அவருக்கு மூக்கு ஒழுகியது. அவள் துடைத்துவிட்டாள். சரி, அதுகூடப் போகட்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை. மெஹர் வீட்டுத் தையல் மெஷின் பக்கத்தில் நின்று சுகந்தியோடு பதினேழு நிமிஷம் பேசினாள். ஐரீனுக்குப் பல் ஆடுகிறது என்றாள் சுகந்தி. அங்கே வெயில் என்றாள். அப்பா எழுதினார் என்று சொல்லவில்லை. பதினேழு நிமிஷத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ‘அம்மா, அப்பா எழுதியிருக்கார், பேசட்டுமா?’ என்று அவள் கேட்டிருந்தால் இவள் பேசுடி என்றிருப்பாள். இருப்பாளா? இருப்பாள் என்றுதான் தோன்றியது. வெங்காயம் உரிக்கும்போது தோன்றியது, கோலம் போடும்போது தோன்றியது, நேற்று மேஜைக்கு அடியில் பெருக்கக் குனிந்தபோது கொஞ்சம் குறைவாகத் தோன்றியது. சுகந்தி ஏன் மறைத்தாள்? அவளுக்கு என்ன தெரியும்? அந்த எட்டு வரியில் அவர் என்ன எழுதினார்? ‘அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்லப்பா.’ இரண்டு பேரும் மறுபடியும் படத்தை விரித்துவிட்டார்கள்.

திரையில் வெளிச்சம் வந்தது. பத்து நாற்பத்தெட்டு. பட்டியல். கீபோர்டு, மைஸ், மானிட்டர், போர்ட்ஸ். அவர் மவுஸால் திரையை மேலும் கீழும் இழுத்தார், ஒளிந்திருந்தால் ஆட்டினால் விழும் என்பதுபோல. ‘ஸ்கேன்’ என்று ஒன்றை அழுத்தினார், திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அதே பட்டியலைக் காட்டியது. “தண்ணி” என்றார். அவள் டம்ளரை அவருடைய இடது பக்கம், மவுஸுக்கு அருகில் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாசம், பழக்கத்தில், வலது பக்கம் வைத்துவிடுவாள். அவர் டம்ளரைப் பார்ப்பார். கை வராது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்து மாற்றுவாள். ஒரு நாள் மாற்றாமல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணினாள். எழுபத்திரண்டு வரை எண்ணியபோது அவர் “சொர்ணம்” என்றார். அந்தக் குழைந்த குரலில் அது தன் பெயர் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஓடிப்போய் மாற்றிவைத்து, அன்று முழுக்கச் சாமி படத்துப் பக்கம் போகவில்லை. அதற்கப்புறம் அப்படிச் செய்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும், கணக்கு எழுதுகிறவர் யாராவது இருந்தால்.

பத்து ஐம்பத்தைந்து. அவர் தண்ணீரைத் தொடவில்லை. “நானே பார்க்கிறேன்” என்றார். “எப்படிங்க பார்ப்பீங்க?” “டாங்கிள் உள்ள சரியா உட்கார்ந்திருக்காது. உனக்குத் தெரியாது.” உனக்குத் தெரியாது. இந்த வார்த்தைக்கு முன்னாலேயே அவள் ஒரு அடி எடுத்துவைத்திருந்தாள், சமையலறைப் பக்கம். அதைப் பிற்பாடு நினைத்துப்பார்த்தபோது நிச்சயமாக எடுத்துவைத்ததாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்து, சேலையில் துடைத்து, ‘இந்தாங்க, கீழ விழுந்து கிடந்துது’ என்று சொல்ல இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பெருங்காய வாசனை அடிக்குமே என்று நினைத்தாள். அவருக்கு அடிக்காது, நோவு வந்ததிலிருந்து மூக்குக்கு எதுவும் தெரியாது, குழம்பில் பெருங்காயம் போட்டாயா என்று தினமும் கேட்பார். ஒரு அடி. அதற்குள் இதைச் சொன்னார். அவள் நின்றாள். அவர் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். நாற்காலியின் சக்கரத்துக்குத் தடை போட்டிருக்கவில்லை. அது அவளுடைய வேலை. நாற்காலி பின்னால் உருண்டது, அவர் முன்னால் போனார், மவுஸும் கீபோர்டும் கூடவே இழுபட்டன. தலை மோதவில்லை. தோள்தான் முதலில் தரையில் பட்டது, பிறகு மெதுவாகக் கன்னம். ஒரு மூட்டையை இறக்கிவைத்த சத்தம் வந்தது.

ஐயோ என்று அவள் குனிந்தாள். குனிந்தவள் பாதியில் நின்றாள். அவர் முகம் மேஜைக்கு அடியில், சுவர் ஓரமாக, சிபியுவின் முதுகைப் பார்த்தபடி கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அங்கே விழுந்தது. அவள் காலையிலிருந்து விரலால் மட்டும் பார்த்ததை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். நிலத்தில் எல்லைக்கல் இல்லாத இடத்தை அப்படித்தான் பார்ப்பார் என்று கூடப்போகிற ஆட்கள் சொல்வார்கள். கல் இல்லை என்பதை அல்ல, பிடுங்கின கை எந்தப் பக்கத்துக் கை என்பதை. பிறகு கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். “நீ” என்றார். தெளிவாக இருந்தது. நோவு வந்தபிறகு அந்த வாயிலிருந்து இத்தனை தெளிவாக ஒரு சொல் வந்ததே இல்லை. “நீ எடுத்திருக்க.” அவள் காதுக்குள் அது போனது, வார்த்தையானது, அங்கேயே உட்கார்ந்தது. “என்னங்க?” என்றாள். “எடுத்திருக்க. எங்க வெச்ச? கொண்டா. மணி ஆகுது. சொர்ணம், கொண்டா.” தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிலிண்டர்காரர் கேட்பதுபோல, தம்பி கேட்பதுபோல அவள் கேட்டாள். “என்ன சொல்றீங்கன்னு புரியலைங்க.” ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவர் மறுபடி சொன்னார். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக. சத்தம் கூடக்கூட வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிஜமாகவே ஊளைபோல ஆனது. சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் முதலில் வேகமாகப் பேசினார், பிறகு கெஞ்சினார், பிறகு ஒரே ஒரு பெயரை மட்டும் சொன்னார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். ஐந்து நிமிஷம் போனது. பெர்த்தில் ஒருத்தி தலைவாரிப் பொட்டுவைத்துக்கொண்டு காலித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், என்ன பொட்டோ, இப்போதெல்லாம் வைக்கிறாளோ என்னவோ.

“அக்கா” என்று வாசலில் குரல் கேட்டது. மெஹரின் வீட்டுக்காரர் காதர் மைதீன். “என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. சார் ஏதோ கத்துறாரே” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “அல்லாவே. எப்ப விழுந்தாரு?” “இப்பதான் தம்பி. என்னால தூக்க முடியலை.” அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தபோது, சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அந்த வீட்டுக்கு இருப்பது ஒரு போன்தான். எடுத்துப் பார்த்தார், நீள நம்பர். அவளைப் பார்த்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார், சார் முன்னால் எடுக்கக் கூடாது என்று மெஹர் சொல்லிவைத்திருந்தது முகத்தில் ஓடியது. பையிலேயே போட்டுவிடப் போனார். “குடுங்க தம்பி” என்று அவள் கையை நீட்டினாள்.

“அம்மா” என்றாள் சுகந்தி. “இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லன்னு தெரியும். உன்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன். அப்பா மெயில் போட்டிருந்தார். பதினொண்ணுக்கு வரச் சொன்னேன். வரலம்மா. நான் உட்கார்ந்தே இருக்கேன்.” தரையிலிருந்து அவர் தலையைத் தூக்க முயன்றார். மகளின் குரல் கசிந்து அவர் காது வரைக்கும் போயிருக்கவேண்டும். “சுகந்தி” என்றார். “சுகந்தி, அப்பா இங்கதான் இருக்கேன். அப்பா வந்தேம்மா. நெட் இல்ல. உங்கம்மா எடுத்துட்டா. அப்பா இங்கதான் இருக்கேன்.” ஒவ்வொரு சொல்லும் சொர்ணவல்லிக்குக் கேட்டது. காதர் மைதீன் பயந்துபோய், “சார், சார், அசங்காதீங்க” என்றார். “என்னம்மா சத்தம் அது?” என்றாள் சுகந்தி. “அப்பாவா? அப்பா குரலா அது? என்னம்மா சொல்றார்?” அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். “நீ பேசுறன்னு தெரிஞ்சுதான் கத்துறார்” என்றாள் சொர்ணவல்லி. “என்ன சொல்றார்னு கேக்குறேன்.” “விடும்மா.” “சொல்லு.” “மனசு வரலையாம். வேண்டாங்கறார்.” அவர் இன்னும் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். “சரிம்மா” என்றாள் சுகந்தி கடைசியில். “எனக்கு நீ மட்டும்தான்.” சொர்ணவல்லி, “வெள்ளிக்கிழமை பேசலாம்டி, அழாத” என்று போனை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

காதர் மைதீன் அவரை இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நீலச் சட்டையின் தோள்பக்கம் எச்சிலில் நனைந்திருந்தது. அவள் அதைத் துடைத்தாள், காலரைச் சரிசெய்தாள், சக்கரத்துக்குத் தடை போட்டாள். கீபோர்டை எடுத்துத் தூசு தட்டி, அதன்மேல் துண்டை விரித்து மூடினாள். அவர் காதரையே பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நிறுத்தாமல், மெதுவாக, ஒரு சாட்சிக்குச் சொல்வதுபோல. காதர் பாதி கேட்டுவிட்டு, எல்லோரும் செய்வதுபோல அவள் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர் ஓடலையாக்கா? இருதயராஜ வரச்சொல்லவா?” “வேண்டாங்கறார் தம்பி. கண்ணு வலிக்குதாம். யாருக்காவது குடுத்துடச் சொல்றார்.” “இல்ல, வேற என்னமோ சொல்ற மாதிரி இருக்கே.”

“தண்ணி கேக்குறார்” என்றாள் அவள். இடது பக்கம் தொடாமலே இருந்த டம்ளரை எடுத்து, சுற்றிவந்து, அவருடைய வலது கைப் பக்கம் வைத்தாள்.